பிள்ளைகளுக்குப் பங்குச் சந்தை: வகுப்பா, விளையாட்டா, சொந்தக் கணக்கா, நோட்டுப் புத்தகமா?

ஜூன் மாதம் நடந்த பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் ஒரு துண்டறிக்கை கைமாறிக்கொண்டிருந்தது. கோட்டு போட்ட பன்னிரண்டு வயதுப் பையன் இரண்டு கணினித் திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் படம். பள்ளி மாணவர்களுக்கான பங்குச் சந்தைப் பயிற்சி, எட்டு வாரம், கட்டணம் 15,000 ரூபாய், முடிவில் சான்றிதழ். பஸ் பாடி கட்டும் பட்டறையில் வெல்டராக வேலை பார்க்கும் தந்தை ஒருவர் அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தபடி என்னிடம் வந்தார். "டீச்சர், இதில் பையனைச் சேர்த்துவிடலாமா? வணிகவியல் எடுக்கிறீர்கள், உங்களுக்குத் தெரிந்திருக்கும்" என்றார்.

வேண்டாம் என்று சொல்வது எளிது. அப்படியானால் வேறு எதைச் செய்யட்டும் என்று அடுத்த கேள்வி வரும். அதற்கு என்னிடம் ஒழுங்கான பதில் இல்லை. கரூரில் பதினேழு ஆண்டுகளாக மேல்நிலை வகுப்புகளுக்கு வணிகவியல் நடத்தும் எனக்கே இல்லை. இரண்டு நாள் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு, கைக்கு எட்டிய வழிகளையெல்லாம் எடுத்துப் பார்க்க ஆரம்பித்தேன். சிலவற்றை அதற்கு முன்பே வகுப்பில் செய்து பார்த்திருந்தேன். அந்த ஒப்பீட்டைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பள்ளியில் இந்தப் பாடம் இல்லவே இல்லை என்பது சரியல்ல. நம் மாநிலப் பாடத்திட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்பு வணிகவியல் புத்தகத்தில் மூலதனச் சந்தை, பங்குச் சந்தை, அதைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான செபி எல்லாம் தனித்தனிப் பாடங்களாகவே இருக்கின்றன. விலை ஏறும் என்று நம்பி வாங்கும் காளை யார், இறங்கும் என்று நம்பி விற்கும் கரடி யார் என்று என் மாணவர்கள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் கணக்கு, உயிரியல் பிரிவு எடுத்த பிள்ளை அந்தப் புத்தகத்தைத் தொடுவதே இல்லை. எடுத்த பிள்ளையும் 'செபியின் பணிகளை விவரி' என்ற ஐந்து மதிப்பெண் வினாவுக்காகப் படித்துவிட்டு, ஒரு பங்கு என்றால் என்ன என்று கேட்டால் விழிக்கிறது. தேர்வு முடிந்த சில மாதங்களில் பதினெட்டு வயது நிறைகிறது. கையில் கைபேசி இருக்கிறது. பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் டீமேட் கணக்கை அரை மணி நேரத்தில் திறந்துவிடலாம். 2020 மார்ச்சில் நாட்டில் சுமார் 4 கோடி டீமேட் கணக்குகள் இருந்தன. இப்போது 20 கோடியைத் தாண்டிவிட்டன. அந்தக் கூட்டத்துக்குள் நம் பிள்ளைகள் எதைக் கற்றுக்கொண்டு போகிறார்கள் என்பதுதான் எனக்குள்ள கவலை.

பணம் கட்டிப் படிக்கும் வகுப்பு

துண்டறிக்கை வகுப்பின் பாடத்திட்டத்தை வாங்கிப் பார்த்தேன். எட்டு வாரத்தில் ஆறு வாரம் விலை வரைபடம் படிப்பது. விலை ஏற்ற இறக்கத்தை மெழுகுவர்த்தி போல வரைந்து காட்டும் வடிவங்கள், எங்கே வாங்குவது, எங்கே விற்பது. ஏழாவது வாரம் ஆப்ஷன்ஸ் அறிமுகம், அதாவது பின்னொரு நாளில் ஒரு பங்கை இன்ன விலைக்கு வாங்கவோ விற்கவோ உள்ள உரிமையை வாங்கி விற்பது. ஒரு நிறுவனம் எப்படிச் சம்பாதிக்கிறது என்பதற்கு ஒரு மணி நேரம்கூட ஒதுக்கவில்லை.

இது முதலீட்டுப் பாடம் அல்ல, ஊக வணிகப் பாடம். ஊக வணிகம் பெரியவர்களை என்ன செய்திருக்கிறது என்பதை செபியே கணக்கெடுத்துச் சொல்லியிருக்கிறது. 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் பங்குகளின் ஃப்யூச்சர்ஸ் (பின்னொரு நாளுக்கான விலையை இன்றே பேசி முடிக்கும் ஒப்பந்தம்), ஆப்ஷன்ஸ் வர்த்தகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டிருக்கிறார்கள். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். அந்த வர்த்தகர்களில் முப்பது வயதுக்கு உட்பட்டவர்கள் 2022-23-ல் 31 சதவீதம். அடுத்த ஆண்டே 43 சதவீதம். அன்றன்றே வாங்கி விற்கும் இண்ட்ராடே வர்த்தகத்திலும் 2022-23-ல் பத்தில் ஏழு பேருக்கு நஷ்டம். இதெல்லாம் 2024-ல் வெளிவந்த அறிக்கைகள். செபியின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

இந்த எண்களுக்கு முன்னால் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு மெழுகுவர்த்தி வடிவம் சொல்லிக்கொடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த வகுப்பில் சேரவே வேண்டாம் என்றுதான் சொல்வேன். கட்டணம் பாதியாகக் குறைந்தாலும், இலவசமாகவே கொடுத்தாலும் இதே பதில்தான்.

கற்பனைப் பணத்தில் விளையாட்டு

அடுத்தது, உலகம் முழுவதும் பள்ளிகள் விரும்பும் வழி. பிள்ளைகளைக் குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு லட்சம் கற்பனைப் பணம் கொடுத்து, உண்மையான விலையில் வாங்கி விற்கச் சொல்வது. அமெரிக்காவில் சிஃப்மா என்ற நிதித் துறைச் சங்கத்தின் அறக்கட்டளை இப்படியொரு விளையாட்டைப் பள்ளிகளில் 1977 முதல் நடத்தி வருகிறது. நான்காம் வகுப்பு தொடங்கி பன்னிரண்டாம் வகுப்பு வரை, கற்பனையாக ஒரு லட்சம் டாலர். அங்கே அது பாடத்தோடு பின்னிய ஒன்று: சதவீதக் கணக்கு, செய்தி வாசிப்பு, கட்டுரை எழுதுவது எல்லாம் அதற்குள் வந்துவிடும்.

எனக்கும் இந்த வழி பிடித்திருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் பதினோராம் வகுப்பில் ஆறு குழு அமைத்துப் பத்து வாரம் நடத்தினேன். கணினி எதுவும் இல்லை, காகிதத்திலேயே. வகுப்பு அப்படி உயிரோடு இருந்து நான் பார்த்ததில்லை. மதிய உணவு இடைவேளையில் டிபன் பாக்ஸைத் திறக்காமல் வாதாடினார்கள். வழக்கமாக வாய் திறக்காத ஒரு மாணவி, எதிர்க் குழு தேர்ந்தெடுத்த நிறுவனத்துக்கு எவ்வளவு கடன் இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்து வந்து சொன்னாள். இந்த நன்மைகளை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன்.

ஆனால் பத்தாவது வாரத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். ஜெயித்த குழு, ஒரு லட்சத்தையும் ஒரே பங்கில் போட்டிருந்தது. ஏன் அந்தப் பங்கு என்று கேட்டதற்கு, பெயர் நன்றாக இருந்தது என்றார்கள். எட்டு நிறுவனங்களில் பிரித்துப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதி வைத்திருந்த குழு ஐந்தாவது இடம். பரிசு கொடுக்கும்போது எனக்குக் கை கூசியது. அடுத்த வாரம் ஜெயித்த குழுவின் தலைவன் வந்து, "டீச்சர், இதையே நிஜப் பணத்தில் செய்ய எவ்வளவு வேண்டும்?" என்று கேட்டான். நான் என்ன கற்றுக்கொடுத்துவிட்டேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

குறை பிள்ளைகளிடம் இல்லை, விளையாட்டின் அமைப்பில் இருக்கிறது. பத்து வாரப் போட்டியில் முதல் பரிசு வாங்க ஒரே வழி, எல்லாவற்றையும் ஒன்றில் வைப்பது. அப்படி வைத்துத் தோற்ற குழுக்களை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை; ஜெயித்தவன் மேடை ஏறுகிறான். நிதானமாக விதைத்தவனுக்குப் பத்து வாரத்தில் கதிர் வராது. தோற்றாலும் வீட்டில் சோறு குறையப்போவதில்லை என்பதால் நஷ்டத்தின் வலியும் தெரிவதில்லை.

செயலிகளில் நடக்கும் இத்தகைய விளையாட்டுகளுக்கு இன்னொரு தடையும் உண்டு. பங்கு விலைகளை வைத்து மெய்நிகர் வர்த்தகமும் போட்டிகளும் நடத்தும் செயலிகளைக் குறித்து செபி 2016-லும் 2024 நவம்பரிலும் எச்சரிக்கை வெளியிட்டது. அங்கே ஏமாந்தால் முதலீட்டாளருக்குரிய பாதுகாப்போ குறைதீர்ப்போ கிடைக்காது. நுழைவுக் கட்டணமும் பணப் பரிசும் உள்ள எதையும் பள்ளி வாசலுக்குள் விடக் கூடாது.

ஆக, விளையாட்டு வேண்டும். ஆனால் காலத்தை நீட்ட வேண்டும், பரிசை லாபத்துக்குக் கொடுக்கக் கூடாது. இதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

அரசு அமைப்புகளின் இலவசப் பாடங்கள்

இதற்கு நீளமாக எழுத எதுவும் இல்லை. ரிசர்வ் வங்கி, செபி, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம், ஓய்வூதிய ஒழுங்குமுறை ஆணையம் ஆகிய நான்கும் சேர்ந்து அமைத்த தேசிய நிதிக் கல்வி மையம், சி.பி.எஸ்.இ.யோடு இணைந்து 6 முதல் 10-ஆம் வகுப்பு வரை பயிற்சிப் புத்தகங்கள் வெளியிட்டிருக்கிறது. மாணவர்களுக்குத் தேசிய அளவில் ஒரு நிதி அறிவுத் தேர்வும் நடத்துகிறது. சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் நிதிச் சந்தை ஒரு திறன் பாடமாகவே உண்டு. யாரும் எதையும் விற்க வராத இடம் இது என்பதே இதன் பெரிய பலம். மொழி வறண்டிருக்கும், பிள்ளை தானாக எடுத்துப் படிக்காது. ஆசிரியர் ஒருவர் கையில் வைத்து நடத்தினால் நல்ல முதுகெலும்பு. சேமிப்பு, வட்டி, காப்பீடு, மோசடி எல்லாவற்றையும் தாண்டித்தான் பங்கு வருகிறது என்ற வரிசையும் இதில் சரியாக இருக்கிறது.

பிள்ளை பெயரில் உண்மையான பணம்

பெற்றோர் பலருக்கு இதில்தான் கண். செய்யலாமா என்றால், சட்டப்படி செய்யலாம். பதினெட்டு வயது நிறையாத பிள்ளையின் பெயரில் பான் அட்டை வாங்கலாம், டீமேட் கணக்கு திறக்கலாம். நடத்துவது காப்பாளர், அதாவது பெரும்பாலும் தந்தை அல்லது தாய். அந்தக் கணக்கில் இண்ட்ராடேயும் ஆப்ஷன்ஸும் செய்ய முடியாது. அது ஒரு பெரிய நிம்மதி. பலருடைய பணத்தைத் திரட்டிப் பல பங்குகளில் போடும் மியூச்சுவல் ஃபண்டும் பிள்ளை பெயரில் போடலாம். கூட்டாக இன்னொருவர் பெயரைச் சேர்க்க முடியாது. பெற்றோரின் வங்கிக் கணக்கிலிருந்தே தவணை கட்டலாம், ஆனால் எடுக்கும்போது பணம் பிள்ளையின் வங்கிக் கணக்குக்குத்தான் போகும். பிள்ளைக்குப் பதினெட்டு முடிந்ததும் தவணை நின்றுவிடும். புதிதாக ஆவணங்கள் கொடுத்துப் பிள்ளையே கையெழுத்திட்டால்தான் கணக்கு மறுபடி நகரும். வருமான வரியில், பிள்ளையின் முதலீட்டு வருமானம் பெற்றோரில் அதிகம் சம்பாதிப்பவரின் வருமானத்தோடு சேர்த்துக் கணக்கிடப்படும். வரி மிச்சம் பிடிக்கலாம் என்று எண்ணி இதில் இறங்குபவர்கள் இதைத் தெரிந்துகொண்டு இறங்குவது நல்லது.

பங்கா, ஃபண்டா? பணம் பெருக வேண்டும் என்பதுதான் நோக்கம் என்றால் ஃபண்ட். அதிலும் நிஃப்டி 50 போன்ற குறியீட்டைப் பின்பற்றும் ஃபண்ட். ஐம்பது பெரிய நிறுவனங்களில் பணம் பரவிவிடும், ஒன்று கவிழ்ந்தாலும் கப்பல் மூழ்காது. ஆனால் கற்றுக்கொள்வதுதான் நோக்கம் என்றால் நான் பங்கு என்பேன். ஃபண்டில் பிள்ளைக்குத் தெரிவது ஒரே ஓர் எண். அது இன்று ஏறியது, நேற்று இறங்கியது. ஏன் என்று தெரியாது. பங்கு வைத்திருந்தால் ஆண்டறிக்கை வருகிறது, லாபத்தில் பங்குதாரருக்குப் பிரித்துத் தரும் ஈவுத்தொகை வருகிறது, அந்த நிறுவனத்தின் பொருளைக் கடையில் பார்க்கும்போது கண் நிற்கிறது.

என் மகள் ஏழாம் வகுப்பு படித்தபோது அவள் பெயரில் ஒரு நிறுவனத்தின் மூன்று பங்குகள் வாங்கினேன். தீபாவளிக்கு இரண்டு செட் உடைக்குப் பதில் ஒரு செட் என்று அவளோடு பேசி முடிவு செய்து, மிச்சமான பணத்தில். சில மாதம் கழித்து அவள் வங்கிக் கணக்கில் 18 ரூபாய் வரவு வந்தது, பங்குக்கு ஆறு ரூபாய் ஈவுத்தொகை. "யாரம்மா போட்டது?" என்றாள். நிறுவனம் போட்டது என்றேன். "நான் ஒன்றுமே செய்யவில்லையே" என்றாள். அந்த வாக்கியத்தைக் கொண்டு வருவதற்குள் வகுப்பறையில் எனக்கு மூன்று வாரம் ஆகும். அதற்கடுத்த ஆண்டு அதே பங்கின் விலை மூன்றில் ஒரு பாகம் குறைந்தது. தினமும் என் கைபேசியை வாங்கிப் பார்த்து முகம் சுருங்கினாள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, காலாண்டு முடிவு வரும்போது மட்டும்தான் பார்ப்பது என்று இருவரும் ஒப்பந்தம் செய்துகொண்டோம். அதன் பிறகு வீட்டில் அமைதி திரும்பியது. இந்த இரண்டு பாடங்களையும் எந்தப் புத்தகமும் இவ்வளவு அழுத்தமாகச் சொல்லித் தராது.

ஆனாலும் பள்ளி இதைச் செய்யக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். என் வகுப்பில் 42 பிள்ளைகள். பிள்ளை பெயரில் ஐந்நூறு ரூபாய் ஒதுக்கக்கூடிய குடும்பம் என்று எண்ணினால் பத்துப் பதினொன்று தேறும். மற்றவர்கள் வீட்டில் தறிக்கூலி வாரம் வாரம் வந்து வாரம் வாரம் தீர்ந்துவிடும். பங்கு வைத்திருக்கும் பிள்ளை, வைத்திராத பிள்ளை என்று வகுப்பு இரண்டாகப் பிளந்துவிடும். ஆசிரியர் வாயிலிருந்து ஒரு நிறுவனத்தின் பெயர் வந்தால் அதைப் பரிந்துரையாக எடுத்துக்கொண்டு கடன் வாங்கிப் போடும் பெற்றோரும் உண்டு.

வீட்டில் செய்யலாம், அதுவும் எல்லா வீட்டிலும் அல்ல. நகைக் கடன் வட்டி ஓடிக்கொண்டிருக்கும் வீட்டில் பிள்ளை பெயரில் பங்கு வாங்குவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் நிரப்புவது போல. முதலில் நகையை மீட்க வேண்டும். அந்தப் பிள்ளைக்குப் பத்து வயது ஆகியிருந்தால் தானே நடத்தும் சேமிப்புக் கணக்கு திறக்க ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. வரிசையில் நின்று சலான் எழுதிப் பணம் கட்டட்டும். அதுவும் நிதிக் கல்விதான்.

நோட்டுப் புத்தக வழி

விளையாட்டின் உயிரும், உண்மைக் கணக்கின் பொறுமையும் சேர்ந்த ஒன்று வேண்டும், அது காசில்லாத பிள்ளைக்கும் கிடைக்க வேண்டும். தேடிக்கொண்டு நான் வந்து சேர்ந்த இடம், நாற்பது பக்கக் கோடு போட்ட நோட்டு.

விலையைப் பற்றிப் பேசும் முன் பங்கு என்றால் என்ன என்று தொடங்க வேண்டும். எங்கள் ஊர்ப் பிள்ளைக்கு அது கடினமே இல்லை. நான்கு பேர் ஆளுக்கு ஐந்து லட்சம் போட்டு ஒரு பஸ் பாடிப் பட்டறை ஆரம்பிக்கிறார்கள். லாபம் வந்தால் நான்கில் ஒன்று. பட்டறை நொடித்தால்? போட்ட பணத்தைத் திருப்பிக் கொடு என்று யார் யாரிடம் கேட்பது? யாரிடமும் கேட்க முடியாது என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். அதே பட்டறைக்கு வட்டிக்குக் கடன் கொடுத்தவர் கேட்கலாமா? கேட்கலாம். இதுதான் பங்குக்கும் கடனுக்கும் உள்ள வேறுபாடு.

இதற்கு எங்கள் ஊரே ஒரு பெரிய பாடப் புத்தகம். கரூரில் இரண்டு வங்கிகள் பிறந்தன. கரூர் வைசியா வங்கி 1916-ல், லட்சுமி விலாஸ் வங்கி 1926-ல். ஒரே ஊர், ஒரே தொழில், பத்து வருட இடைவெளி. 2020 நவம்பர் 17 அன்று லட்சுமி விலாஸ் வங்கியிலிருந்து யாரும் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்கக் கூடாது என்று தடை வந்தது. பத்து நாளில், நவம்பர் 27 அன்று, அது டி.பி.எஸ். வங்கியோடு இணைக்கப்பட்டது. டெபாசிட் போட்டவர்களின் பணம் பத்திரமாக இருந்தது. பங்கு வைத்திருந்தவர்களுக்கு ஒரு பைசா இல்லை. பங்கு மூலதனம் முழுவதும் கணக்கிலிருந்து எழுதித் தள்ளப்பட்டது. கரூர் வைசியா வங்கியோ 2025-ல் ஐந்து பங்குக்கு ஒரு பங்கு போனஸாகக் கொடுத்தது.

இதை வகுப்பில் சொல்லிவிட்டுக் கரும்பலகையில் '0' என்று எழுதினேன். பின் வரிசையிலிருந்து ஒரு பையன், "டெபாசிட்காரருக்கும் பங்குக்காரருக்கும் ஒரே கவுண்டர்தானே டீச்சர்?" என்று கேட்டான். ஒரே கவுண்டர்தான், ஆனால் ஒருவர் வங்கிக்குக் கடன் கொடுத்தவர், இன்னொருவர் வங்கியில் பங்காளி என்றேன். நான் இத்தனை ஆண்டு நடத்திய மூலதனச் சந்தைப் பாடத்தில் இவ்வளவு நிசப்தம் ஒரு நாளும் இருந்ததில்லை.

அதன் பிறகுதான் நோட்டு. ஒரு பக்கத்துக்கு ஒரு நிறுவனம். அது என்ன விற்கிறது, நம் வீட்டில் அதை யார் வாங்குகிறார்கள், மொத்தம் எத்தனை பங்குகள், ஒரு பங்கின் விலை என்ன, நான் ஏன் இதைத் தேர்ந்தெடுக்கிறேன். கடைசியாக ஒரு கட்டம்: என் எண்ணம் தவறு என்று எப்போது ஒப்புக்கொள்வேன்? விலை மூன்று மாதம் பழையதாக இருக்க வேண்டும். கல்வி மட்டுமே வழங்குவோர் கடந்த மூன்று மாத விலையைப் பயன்படுத்தக் கூடாது என்று செபி 2025 ஜனவரியில் கூறிய வரம்பை நான் அப்படியே எடுத்துக்கொண்டேன். அதில் எனக்கொரு வசதியும் உண்டு: பழைய விலையை வைத்துக்கொண்டு எந்தப் பிள்ளையும் அப்பாவிடம் ஓடிப்போய் இதை இன்றைக்கே வாங்குங்கள் என்று சொல்லாது. மூன்று மாதத்துக்கு ஒரு முறைதான் பக்கத்தைத் திறப்போம். எட்டாம் வகுப்பில் தொடங்கி ஒன்பதாம் வகுப்பு முடிய இரண்டு ஆண்டு. மதிப்பெண் காரணத்துக்கு மட்டும். லாபத்துக்குக் கிடையாது.

முதல் மாதத்திலேயே பிள்ளைகள் என்னை ஓட வைத்துவிட்டார்கள். ஆச்சி மசாலா பங்கு வாங்கலாமா என்று கேட்டார்கள். அது சந்தையில் பட்டியலிடப்படாத நிறுவனம், வாங்க முடியாது. அருண் ஐஸ்கிரீம்? வாங்கலாம், அது ஹட்சன் நிறுவனத்தினுடையது, ராயபுரத்தில் 1970-ல் ஒரு சிறிய ஐஸ் பட்டறையாக ஆரம்பித்தது. கிரிக்கெட் மட்டையில் பார்த்த எம்.ஆர்.எஃப். பெயரை ஏழு பேர் எழுதினார்கள். திருவொற்றியூரில் 1946-ல் விளையாட்டு பலூன் செய்யும் கொட்டகையாகத் தொடங்கிய நிறுவனம் என்றதும் இன்னும் நான்கு பேர் சேர்ந்துகொண்டார்கள். அதன் ஒரு பங்கு 2023 ஜூனில் ஒரு லட்சம் ரூபாயைத் தொட்டது. அப்படியென்றால் இந்தியாவிலேயே பெரிய நிறுவனம் அதுதானா? கணக்குப் போடச் சொன்னேன். அதன் பங்குகள் சுமார் 42 லட்சம்; ஒரு லட்சத்தால் பெருக்கினால் 42,000 கோடி. ஐ.டி.சி.யின் பங்குகள் ஏறக்குறைய 1,250 கோடி. விலையை 400 ரூபாய் என்று வைத்தால் 5 லட்சம் கோடி. ஒரு பங்கின் விலையைப் பார்த்து நிறுவனத்தின் பருமனைச் சொல்ல முடியாது என்பது அந்தப் பெருக்கலோடு மனதில் பதிந்துவிட்டது. பத்து ரூபாய்ப் பங்கு மலிவு என்று நம்பி ஏமாறும் பெரியவர்கள் எத்தனை பேர்!

அதே ஐ.டி.சி.யை ஒரு மாணவி தன் நோட்டின் பின் அட்டையில் கண்டுபிடித்தாள். கிளாஸ்மேட் நோட்டு அவர்களுடையது. நாம் எல்லோரும் வாங்குகிறோம், ஆகவே நல்ல நிறுவனம் என்று பக்கம் எழுதினாள். அடுத்த வாரம் அந்தப் பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு. அவர்களுக்கு அதிக லாபம் சிகரெட்டில் வருகிறது, என் மாமாவுக்கு அதனால்தான் உடம்பு கெட்டது, எனக்கு இது வேண்டாம் என்று கீழே எழுதியிருந்தாள். முழு மதிப்பெண் கொடுத்தேன். காகிதத்தில் கற்பனையாக வாங்கும் பிள்ளைக்குக்கூட எதன் பங்காளியாக இருக்கப்போகிறேன் என்ற கேள்வி எழுகிறது. மெழுகுவர்த்தி வடிவத்தில் அந்தக் கேள்விக்கு இடமே இல்லை.

இந்த வழியின் குறையையும் சொல்ல வேண்டும். மெதுவாகத்தான் போகும். ஆறாவது மாதம் பாதிப் பேருக்கு அலுப்புத் தட்டியது. மூன்று பேர் நோட்டைத் தொலைத்துவிட்டார்கள். ஆசிரியருக்கு வேலை அதிகம். ஒரு நிறுவனத்தைப் பற்றி என்னிடம் கேட்கும் முன் நான் படித்திருக்க வேண்டும். காகிதத்தில் நஷ்டப்பட்டால் வலிக்காது என்ற குறையும் முழுதாகத் தீரவில்லை. அதற்காகத்தான் மும்பைப் பங்குச் சந்தையின் குறியீடான சென்செக்ஸை அவர்கள் வயதாக மாற்றிச் சொல்கிறேன். 2008 ஜனவரியில் குறியீடு 21,000-ஐத் தொட்டது. அந்த அக்டோபரில் 8,500 அளவுக்கு விழுந்தது. மறுபடி 21,000-க்கு மேல் நிலைபெற 2014 தொடக்கம் ஆகிவிட்டது. நீங்கள் எட்டாம் வகுப்பில் போட்ட பணம், கல்லூரி இரண்டாம் ஆண்டில்தான் போட்ட அளவுக்குத் திரும்பியிருக்கும் என்றேன். "அதற்குள் காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டுமே" என்றாள் ஒருத்தி. ஆகவே அடுத்த ஐந்தாறு ஆண்டில் தேவைப்படும் பணம் பங்குக்குப் போகக் கூடாது. அந்த விதியை அவர்களையே நோட்டின் முதல் பக்கத்தில் எழுத வைத்தேன்.

நான் எடுத்த முடிவு

ஆறு, ஏழாம் வகுப்புக்கு இலவசப் பயிற்சிப் புத்தகமும் வங்கிக் கணக்கும் போதும். எட்டிலும் ஒன்பதிலும் நோட்டுப் புத்தகம். பத்தாம் வகுப்பை விட்டுவிடலாம். பொதுத் தேர்வு ஆண்டில் எதைச் சேர்த்தாலும் பாரம். பதினொன்று, பன்னிரண்டில் பிரிவு பார்க்காமல் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆண்டுக்கு நான்கு சனிக்கிழமை: செபியின் நஷ்ட அறிக்கையை வரி வரியாகப் படிப்பது, டெலிகிராம் குழுக்களில் வரும் பங்குப் பரிந்துரைகளையும் போலிச் செயலிகளையும் அடையாளம் காண்பது, பதினெட்டு வயதில் கணக்கு திறக்கும்போது எந்தப் பெட்டியில் டிக் செய்யக் கூடாது என்று தெரிந்துகொள்வது. உண்மையான பணம், கடன் இல்லாத வீடுகளில், பெற்றோர் விருப்பம். தலைமையாசிரியர் இதை ஒரு பக்கமாக எழுதித் தரச் சொல்லி, அடுத்த கூட்டத்தில் வாசித்தார்.

வெல்டர் தந்தையிடம் இரண்டு நாள் கழித்துப் பேசினேன். வீட்டில் நகைக் கடன் இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. அந்த 15,000 அங்கே போகட்டும், பையன் என் நோட்டுப் புத்தக வகுப்புக்கு வரட்டும் என்றேன்.

பையன் நோட்டின் முதல் பக்கத்தில் அசோக் லேலண்ட் என்று எழுதியிருக்கிறான். நம் வீட்டில் யார் வாங்குகிறார்கள் என்ற கட்டத்தில், 'வாங்கவில்லை. அப்பா அதன் சேஸிஸ் மேல் பாடி கட்டுகிறார்' என்று இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் பட்டறை வாசலில் எத்தனை சேஸிஸ் வந்து நின்றது என்று அப்பாவிடம் கேட்டுக் குறித்துக்கொள்கிறான். ஆகஸ்டில் 11, செப்டம்பரில் 9, அக்டோபரில் 14. என் எண்ணம் தவறு என்று எப்போது ஒப்புக்கொள்வேன் என்ற கட்டத்தில் முதலில், 'வாசல் காலியாக இருந்தால்' என்று எழுதியிருந்தான். போன வாரம் அதை அடித்துவிட்டு, 'எங்கள் பட்டறை வாசல் மட்டும் காலியா, எல்லாப் பட்டறையும் காலியா என்று பார்த்த பிறகு' என்று மாற்றியிருக்கிறான். ஓரத்தில் அப்பாவின் கையெழுத்து இருக்கிறது.